ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கேரவனில் தங்க: முதல்முறை கிளம்பும் இருவருக்கு

முதல் பயணத்துக்குத் தயாராகும் பலர், கேரவனுக்குள் என்னென்ன வேண்டும் என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீரோரமாகவே தங்கிக்கொண்டு போகும் பயணத்துக்கு இது சரிப்படாது. உள்ளே ஒரு சாமான் குறைந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். நிறுத்தின இடம் சரியில்லை என்றால் தூக்கம் போகும், வண்டி சேற்றில் மாட்டும், சில இடங்களில் உயிருக்கே ஆபத்து. அதனால் இங்கே இடம் பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவனை மனதில் வைத்து எழுதுகிறேன். எஞ்சினோடு சேர்ந்த மோட்டார் ஹோமில் போகிறவர்களுக்கு, மாட்டுவதும் கழற்றுவதும் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் எடை

உங்கள் காரின் கையேட்டில் அது அதிகபட்சம் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று போட்டிருக்கும். கேரவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதன் காலி எடையும், சாமானோடு போகக்கூடிய உச்ச எடையும் இருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. பார்த்தால் நிறைய இருப்பதுபோல் தெரியும், நாற்காலி, கூடாரத் துணி, பேட்டரி, கேஸ் சிலிண்டர் என்று ஏற்ற ஏற்றக் கரைந்துவிடும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள்: ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 100 கிலோவை வழி முழுக்க இழுக்கிறீர்கள். பாதி நிரம்பிய தொட்டி உள்ளே அலம்பி வண்டியை ஆட்டவும் செய்யும். வழிக்குக் குடிதண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு, போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது.

கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வையுங்கள். பின்கோடியில் கனம் வைத்தால் முன்மூக்கு லேசாகிவிடும், கேரவன் வால் ஆட்ட ஆரம்பிக்கும். மூக்கு காரின் கொக்கியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய வகைக் கேரவன்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், வட அமெரிக்க வகைகளுக்கு 10 முதல் 15 சதவீதம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். காரும் கொக்கியும் தாங்கும் அளவை அது தாண்டக் கூடாது.

சாலையில் கேரவன் பாம்பாக நெளிய ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், அவ்வளவுதான். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும், எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். பெரிய லாரி கடந்துபோகும்போதும், பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும்போதும், இறக்கத்திலும்தான் இது பெரும்பாலும் தொடங்கும். அந்த இடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டயரையும் பார்த்துவிடுங்கள். கேரவன் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகிக் கெட்டுவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மேல்பட்டை புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் டயர்க்காரரிடம் காட்டி, மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டெப்னியின் வயதும் அதே வயதாகத்தான் இருக்கும்.

பின்னால் எடுக்கப் பழகுங்கள், இருவருமே

நீரோரத் தங்குமிடங்களில் வழி குறுகல், திரும்ப இடம் இருக்காது. நேராக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. காலியான மைதானம் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க அங்கே செலவழியுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக. காரும் கேரவனும் மடிந்துகொள்வதுபோல் தெரிந்தால் திருத்தப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள்.

எங்களில் பின்னால் எடுப்பது பெரும்பாலும் நான்தான், கணவர் வெளியே நிற்பார். ஒருவர் கத்துவதும் மற்றவர் கண்ணாடியில் தேடுவதுமாக ஆகிவிடாமல் இருக்க, நாங்கள் கடைப்பிடிக்கும் விஷயங்கள் இவை. வெளியே நிற்பவர் எப்போதும் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்த அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும், காரணம் கேட்கவே வேண்டாம். இடது, வலது என்று சொல்லக் கூடாது. எதிரெதிராக நின்றுகொண்டு சொன்னால் யாருடைய இடது என்று குழம்பும். 'உன் பக்கம்', 'என் பக்கம்' என்று சொல்லிக்கொள்கிறோம்: 'உன் பக்கம்' என்றால் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கம், 'என் பக்கம்' என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். அப்புறம், 'நிறுத்து' என்பதற்கு ஒரே ஒரு சைகை, இரண்டு கையும் மேலே. வேறு எதற்கும் அந்தச் சைகையைப் பயன்படுத்துவதில்லை. போனில் அழைத்துப் பேசிக்கொண்டே எடுப்பதும் நன்றாக வேலை செய்கிறது, கத்த வேண்டியிருக்காது.

ஒருவர் மட்டும் ஓட்டுவது, ஒருவர் மட்டும் மாட்டுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தினசரி யாருக்கு எது வசதியோ அதைச் செய்யலாம். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ கால் பிசகினாலோ மற்றவர் தனியாகக் கேஸை அடைத்து, கேரவனை மாட்டி, ஓட்டிக்கொண்டு வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும். இது இருவர் பயணம், மூன்றாவது ஆள் கிடையாது.

வழி போடுவது

காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் பின்னால் என்ன வருகிறது என்பது தெரியாது. கேரவனின் உயரத்தைக் கூரைமேல் உள்ள ஆன்டெனா, ஏசி வரை சேர்த்து அளந்து, அகலத்தோடு ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். ஆற்றோரச் சாலைகளில் எடை வரம்புள்ள பழைய பாலங்களும், தாழ்வான ரயில் பாலங்களும் அடிக்கடி வரும்.

காரில் தனியாகப் போனால் ஒரு நாளில் எவ்வளவு ஓட்டுவீர்களோ, அதில் பாதி போதும். சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது மிச்சமிருக்கும்போது போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருட்டில் தண்ணீரோரம் எது தரை, எது சேறு என்று தெரியாது. போகும் இடம் பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய இன்னொரு இடத்தையும் முன்கூட்டியே குறித்துவைத்திருங்கள். கையில் மாற்று இடம் இருந்தால்தான் 'இங்கே வேண்டாம்' என்று சொல்லத் துணிவு வரும்.

அனுமதி விஷயத்தில் கேள்விப்பட்டதை நம்பாதீர்கள். ஸ்வீடனில் இயற்கைவெளியில் யாரும் தங்கலாம் என்ற பொது உரிமை உண்டு என்பது உண்மை, ஆனால் அது வண்டியைச் சாலையிலிருந்து இறக்கிக் காட்டுக்குள்ளோ கரைக்கோ ஓட்டிப்போகும் உரிமையைத் தருவதில்லை. ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட் ஏரிக்கரையில் குறிப்பிட்ட பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் போகும் இடத்தின் கரை தனியாருடையதா, வனத்துறையுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆற்றங்கரையில் இடம் பார்ப்பது

சரி, வந்து சேர்ந்துவிட்டீர்கள். கேரவனைக் கெட்டியான சாலையிலேயே நிறுத்திவிட்டு இருவரும் இறங்கி நடங்கள். ஒருவர் தரையைப் பார்க்கட்டும், ஒருவர் செடிகொடிகளையும் மரங்களையும் பார்க்கட்டும்.

புதர்களிலும் வேலிக் கம்பிகளிலும் காய்ந்த புல், குச்சி, பிளாஸ்டிக் உறை சிக்கிக்கொண்டிருக்கிறதா? அதுதான் கடைசி வெள்ளம் வந்த உயரம். அது உங்கள் இடுப்புக்கு மேலே இருந்தால், நீங்கள் நிற்பது ஆற்றுக்குள்தான், இப்போது தண்ணீர் இல்லை, அவ்வளவே. இளமரங்கள் எல்லாம் நீர் ஓடும் திசையில் சாய்ந்திருப்பது, புல்மேல் மெல்லிய வண்டல் படிந்திருப்பது, உருண்டைக் கற்கள் பரவிக்கிடப்பது எல்லாமே அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புல்தரை அழகாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. விளிம்புக்குப் பக்கத்தில் வண்டியின் எடையை ஏற்றாதீர்கள். உள்பக்க வளைவில் இருக்கும் மணல் திட்டு வசதியாகத் தெரியும். தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது அதுதான்.

ஓடை வந்து சேரும் இடமும், மலையிலிருந்து பள்ளத்தாக்கு வாய் திறக்கும் இடமும் வேண்டவே வேண்டாம். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பிரெனீஸ் மலைப்பகுதியில் பியெஸ்காஸ் ஊரை ஒட்டிய முகாமில் 87 பேர் இறந்துபோனார்கள். அந்த முகாம் ஒரு மலையோடை கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறியின்மேல் அமைந்திருந்தது. மலையில் கொட்டிய மழை அந்த ஓடை வழியாகவே இறங்கி வந்தது. 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சஸில் குவாடலூப் ஆறு பொங்கியபோது, கரையோர முகாம்களிலும் கேரவன் பூங்காக்களிலும் பலர் தூக்கத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் தலைக்குமேல் வானம் எப்படி இருக்கிறது என்பதைவிட, ஆறு எங்கிருந்து வருகிறதோ அங்கே வானம் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். வானிலை பார்க்கும்போது மேல்பகுதி ஊரின் பெயரையும் போட்டுப் பாருங்கள். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் திறப்பார்கள். எப்போது திறப்பார்கள், சங்கு ஊதுவார்களா என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள்.

மாலையில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு, படுக்கப் போகுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஆற்றின் சத்தம் மாறினால், யோசிக்காமல் மேட்டுக்குப் போங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அன்றிரவு காரைக் கேரவனிலிருந்து கழற்றாமல், வெளியேறும் வழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள், தண்ணீர் வேகமாக ஏறுகிறது என்றால் கேரவனை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை அடித்துக்கொண்டு போய்விடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

ஏரிக்கரையில் வேறு மாதிரி

ஏரி அவசரப்படாது. அங்கே பிரச்சினை தரையும் காற்றும்தான்.

நீர்த்தேக்கங்களில் தண்ணீருக்கும் புல் தொடங்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் மண் திட்டு ஒன்று இருக்கும். காய்ந்து வெடித்து, கெட்டியாகத் தெரியும். அது ஏரியின் அடித்தரை. மேலே ஒரு பொருக்கு, கீழே சேறு. குதிகாலை ஊன்றி முழு எடையையும் போட்டுப் பாருங்கள். ஒரு விரல் அளவு உள்ளே போனாலும் அங்கே வண்டியை இறக்காதீர்கள். ஈரப் புல் சரிவும் ஏமாற்றும்: இறங்குவது சுலபம், ஏறுவது கடினம். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தால் கேரவன் மூக்கின் அழுத்தத்தில் முன்பக்கம் லேசாகி, சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும்.

பெரிய ஏரிகளில் தெளிவான நாள்களில் பகலில் நீரிலிருந்து கரைக்கும், இரவில் கரையிலிருந்து நீருக்கும் காற்று வீசும். வெளிக்கூடாரத் துணியை விரிக்குமுன் இதை யோசியுங்கள். பகலில் அமைதியாகத் தொங்கும் துணியை ராத்திரி காற்று பின்பக்கமிருந்து வந்து தூக்கலாம். படுக்கும் முன் சுருட்டிவிடுவதே நல்லது.

இன்னொன்று: தண்ணீர் விளிம்பிலேயே நிறுத்த வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். குளிர்ந்த காற்று தாழ்வான இடத்தில்தான் தேங்கும். விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் நனையும், கொசுவும் அங்கேதான். 60 மீட்டர் தள்ளி, சற்றே மேட்டில் நிறுத்தினால் காட்சி அப்படியே இருக்கும், படுக்கை காய்ந்திருக்கும். பட்டுப்போன கிளை உள்ள மரத்தடியையும் தவிர்த்துவிடுங்கள்.

நீரின்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் இருந்தால் இறங்காதீர்கள், கூட நாய் இருந்தால் அதையும் நக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பாசி இல்லாத மலை ஏரிகளில் குளிர் ஒரு ஆபத்து: 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் சட்டென்று குதித்தால் மூச்சு தன்னால் இழுத்துக்கொள்ளும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீர் குடித்துவிடுவார். கரையோரமாக மெதுவாக இறங்குங்கள், ஒருவர் நீரில் இருந்தால் மற்றவர் கரையில் இருக்கட்டும்.

நிறுத்தும் வரிசை

இதை மாற்றிச் செய்தால் கேரவன் உருண்டுவிடும், ஆகவே வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காரோடு மாட்டியிருக்கும்போதே ரசமட்டத்தைக் கதவருகே தரையில் குறுக்காக வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுக் கட்டைமேல் ஏற்றுங்கள். கேரவனின் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அப்புறம்தான் கேரவன் மூக்கின் அடியில் உள்ள சின்ன முன்சக்கரத்தை இறக்கி, மின்வயரையும் பாதுகாப்புக் கம்பியையும் (வழியில் கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் போட்டுவிடும் கம்பி) எடுத்து, கொக்கியை விடுவிக்க வேண்டும். காரை நகர்த்தியபின் முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன்பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். கடைசியாக நான்கு மூலைக் கால்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், தூக்குவதற்கு அல்ல. மெல்லிய மண்ணில் ஒவ்வொன்றுக்கும் கீழே பலகைத் துண்டு போடுங்கள்.

மட்டம் என்பது தூக்கத்துக்காக மட்டும் இல்லை. கேஸிலும் ஓடக்கூடிய உறிஞ்சுமுறைக் குளிர்பெட்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது.

கேஸ், மின்சாரம், கழிவு

பியூட்டேன் சிலிண்டர் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாவதை நிறுத்திவிடும், அடுப்பு எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வேலை செய்யும். குளிர்ப்பகுதி ஏரிகளுக்குப் போகிறவர்கள் புரோப்பேன் எடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதனால்தான் கேரவனின் தரையில் துளைகள் விட்டிருப்பார்கள். குளிர் வருகிறது என்று அவற்றைத் துணியால் அடைக்காதீர்கள். அடுப்பை எரித்து அறையைச் சூடாக்குவதும், அணைந்ததுபோல் தெரியும் கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. அதற்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாகச் செலவழிக்கலாம், அதாவது சுமார் 600 வாட்-மணி. விளக்கு, போன், தண்ணீர் பம்ப் இவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஓடும். பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி இருந்தால் சோலார் தகடு வேண்டும். மரநிழலில் நிறுத்தினால் தகடு பாதிகூடத் தராது.

கழிப்பறைப் பெட்டி பொதுவாக 20 லிட்டர் அளவில் இருக்கும். இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் சின்ன விஷயம் என்று ஆற்றில் ஊற்றாதீர்கள். மட்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மட்கும், தண்ணீரில் கலந்தால் மீனுக்கும் புழுபூச்சிக்கும் கெடுதல். கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய், வடிகட்டி, மண்ணில் பரவலாக ஊற்றலாம். தங்குமிடத்தில் வடிகால் இருந்தால் அதிலேயே ஊற்றுங்கள்.

இரவில் சாவி, டார்ச், செருப்பு மூன்றும் கதவருகே ஒரே இடத்தில் இருக்கட்டும். நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஆற்றங்கரைக்குக் கதவிலக்கம் கிடையாது. போனில் சிக்னல் எங்கே வருகிறது என்று வெளிச்சத்திலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது

வந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒருவர் மாட்டினால் மற்றவர் சரிபார்க்க வேண்டும், பேச்சுக் கொடுக்காமல். கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் அடைத்ததா, மூலைக் கால்கள் நான்கும் முழுக்க ஏறியதா, படிக்கட்டு உள்ளே போனதா, பாதுகாப்புக் கம்பி மாட்டியதா, ஹேண்ட் பிரேக் எடுத்ததா என்று ஒரு சுற்று நடந்துவந்து பாருங்கள். ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கையும் இண்டிகேட்டரையும் பார்க்கட்டும். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. வழியில் சக்கரம் மாற்றியிருந்தால் 50 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

வீடு திரும்பிய அன்றே எல்லா ஜன்னலையும் திறந்து, மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். ஈரமாகச் சுருட்டின கூடாரத் துணியை ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அந்தக் கறை அப்புறம் போகாது. தொட்டிகளை வடித்துவிட்டு, குளிர்பெட்டியின் கதவைச் சற்றே திறந்தபடி விட்டுவையுங்கள்.